முழங்கை வலியும் நின்றுபோன விலக்கும்: ஈட்டி எறியும் மகளின் தாய்க்கு

இந்த வாரம் ஒரு தாயின் கடிதம். ஊர், பெயர், பள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுச் சம்பாதிப்பவர். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகளுக்கு 15 வயது, அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் பி.டி. சார் ஒரு மூங்கில் ஈட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார். இந்த ஆண்டு மாவட்ட அளவில் 38 மீட்டர் எறிந்து முதலிடம். இன்னும் ஐந்து வாரத்தில் மாநிலப் போட்டி. ஒரு வருடமாக வெளியே ஒரு பயிற்சியாளரிடம் காலை, மாலை இரண்டு வேளையும் போகிறாள். பெண்களுக்கான ஈட்டி அங்கே ஒன்றுதான், அதுவும் வளைந்துவிட்டதால் ஆண் பிள்ளைகளின் ஈட்டியில்தான் பயிற்சி. மூன்று மாதமாக வலது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது. எறிந்த அன்று இரவு கையை முழுதாக நீட்ட முடியவில்லை. போட்டிக்கு முந்தின நாள் ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பயிற்சியாளர். ஒரு பவுடர் டப்பாவும் கொடுத்திருக்கிறார். இட்லி, சோறு குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. "ஓடியாடும் பெண்களுக்கு இது சகஜம் என்று சொன்னார்கள், நானும் விட்டுவிட்டேன்" என்கிறார் தாய். நாத்தனாரோ, ஈட்டி எறிந்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும், நாளைக்குப் பிள்ளை பிறக்காது என்று பயமுறுத்துகிறார். இந்தப் போட்டியோடு நிறுத்திவிடலாம் என்பது கணவரின் எண்ணம். இதற்கிடையில் ஒரு தனியார் பள்ளி, பதினொன்றாம் வகுப்புக்கு இலவச இடமும் விடுதியும் தருவதாகக் கூப்பிட்டிருக்கிறது.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரி: "தோள் அகலமாகிக்கொண்டே போகிறது டாக்டர், ரவிக்கை அளவு அரை இஞ்ச் கூடிவிட்டது. ஆனால் இடுப்பு மட்டும் சிறுத்துவிட்டது, சுடிதாரை இந்த வருடம் இரண்டு முறை பிடித்துத் தைத்தேன்."

அம்மா, உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் சொன்னது அந்தக் கடைசி வரிதான். முழங்கை வலியை முதலில் எழுதி, விலக்கு நின்றதை நடுவில் போகிற போக்கில் சொல்லி, சுடிதாரை ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் கீழேயிருந்து மேலே வருகிறேன்.

விலக்கு நின்றது சகஜம் இல்லை

15 வயதில், வளர்ந்துகொண்டிருக்கும்போது, ஒரு பெண்ணின் இடுப்புத் துணியை இரண்டு முறை பிடிக்க வேண்டி வந்தால், அவள் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்று பொருள். காலை ஐந்தரைக்கு ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பி, இரண்டு மணி நேரம் ஓடி எறிந்துவிட்டு, அப்படியே பள்ளிக்குப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மதியம் சத்துணவு, மாலை மறுபடி பயிற்சி, இரவு இரண்டு தோசை. இதில் இட்லியையும் குறைக்கச் சொன்னால் உடம்பு எங்கே போகும்?

உடம்பு கணக்குப் பார்க்கும். வருவது குறைந்தால், உயிர் வாழ அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். கருமுட்டை வளர்ப்பது அப்படி அவசரமில்லாத வேலை. அதனால் விலக்கு நிற்கிறது. அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனும் குறைகிறது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகுவதற்கு அந்த ஹார்மோன் வேண்டும். ஒரு பெண் ஆயுசுக்கும் வைத்திருக்கப்போகும் எலும்பு வலுவில் மிகப் பெரும் பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இந்த வயதில் இழக்கும் மாதங்களைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்குத் தனியாக ஒரு பெயரே கொடுத்து, விளையாட்டு மருத்துவர்கள் கவனிக்க வேண்டும் என்று அறிவித்தது. 'சகஜம்' என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பல வீராங்கனைகளுக்கு இப்படி ஆகத்தான் செய்கிறது. நான் படித்த காலத்தில், விலக்கு நின்றால்தான் பெண் உண்மையாகப் பயிற்சி செய்கிறாள் என்று ஒரு பயிற்சியாளர் மேடையிலேயே பேசினார், நாங்களும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பலருக்கு வருகிறது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது. ரத்தசோகையும்தான் பலருக்கு இருக்கிறது.

ஒழுங்காக வந்துகொண்டிருந்த விலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஐந்து ஆகிவிட்டது. பயிற்சியால்தான் என்று நானும் இங்கிருந்தே முடிவு கட்டக்கூடாது. தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களையும் பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் 'சாப்பாடு போதவில்லை' என்ற முடிவுக்கு வர வேண்டும். ஹீமோகுளோபினோடு இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும், வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள். அதற்குக் கோபப்படாதீர்கள். விலக்கு நின்று வரும் யாருக்கும் செய்வதுதான், உங்கள் பெண்ணைச் சந்தேகப்பட்டு அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் இதையெல்லாம் பார்க்காமல், விலக்கு வர மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாத்திரை போட்டால் ரத்தப்போக்கு வரும், வீட்டில் எல்லாரும் நிம்மதியாவார்கள். ஆனால் அது மாத்திரையால் வந்த போக்கு. பசியில் இருக்கும் உடம்பு பசியில்தான் இருக்கும், எலும்பும் சேராது.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். கிளம்பும் முன் டீயோடு இரண்டு வாழைப்பழம். பயிற்சி முடிந்த அரை மணிக்குள், மைதானத்திலேயே, டிபன் பாக்ஸில் இருக்கும் இட்லியோ தயிர் ஊற்றிய பழைய சோறோ, கூடவே ஒரு அவித்த முட்டை. மாலைப் பயிற்சிக்கு முன் ஒரு கை வேர்க்கடலை அல்லது கடலை மிட்டாய். இரவு தோசையோடு சுண்டல், பருப்பு, மீன், எது அன்றைக்கு வீட்டில் உண்டோ அது. முக்கியமாக, சோற்றைக் குறைக்கக் கூடாது. ஈட்டி எறிபவளுக்குச் சோறு எதிரி என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

முழங்கை

ஈட்டியைக் கை எறிகிறது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் எறிவது கால். ஓடி வந்து இடது காலை ஊன்றி உடம்பைச் சட்டென்று நிறுத்தும்போது, அந்த வேகம் இடுப்பு, முதுகு, தோள் வழியாக ஏறிக் கடைசியில் கைக்கு வருகிறது. கை பின்னால் இருக்க, தோள் முன்னால் பாயும் அந்த ஒரு நொடியில் முழங்கையின் உள்பக்கம் பிளந்துவிடுவதுபோல இழுபடும். பெரியவர்களுக்கு அந்த இழுப்பைத் தாங்குவது உள்பக்க ஜவ்வு. வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஜவ்வைவிட வலு குறைந்த ஓர் இடம் உண்டு: எலும்பு வளரும் குருத்துப் பகுதி. ஜவ்வு அறுவதற்கு முன் அந்தக் குருத்து பிய்யத் தொடங்கும். பெண்களுக்கு முழங்கையின் உள்பக்கத்தில் இது பெரும்பாலும் 15 வயதை ஒட்டி மூடிக்கொள்ளும். உங்கள் மகள் சரியாக அந்த வாசலில் நிற்கிறாள். மூடிவிட்டதா இல்லையா என்பது எக்ஸ்ரேயில் தெரியும். இரண்டு முழங்கையையும் எடுக்கச் சொல்லுங்கள், நல்ல கையோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும். குருத்து மூடியிருந்து, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாமல், வலியும் தொடர்ந்தால் அப்போது ஜவ்வுக்காக எம்.ஆர்.ஐ.

அப்புறம் அந்த ஆண் பிள்ளைகளின் ஈட்டி. 18 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஈட்டி 500 கிராம். அதே வயது ஆண்களுக்கு 700 கிராம், பெரிய ஆண்களுக்கு 800. உலகச் சாதனை வைத்திருக்கும் செக் நாட்டு வீராங்கனை பார்போரா ஷ்போட்டகோவா 2008-ல் 72.28 மீட்டர் எறிந்ததே 600 கிராம் ஈட்டியில்தான். உங்கள் பெண் ஒரு வருடமாக, சரியாகச் சாப்பிடாத உடம்போடு, தினமும் அதைவிடக் கனமான ஒன்றை எறிந்துகொண்டிருக்கிறாள். கனமானதை எறிந்தால் போட்டியில் லேசாகத் தோன்றும் என்ற நினைப்பு மைதானங்களில் பழகிப்போன ஒன்று. முதிர்ந்த வீரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை, அளவாக, பருவம் பார்த்துக் கொடுப்பதுண்டு. 15 வயதில் தினசரிச் சாப்பாடுபோல இதைக் கொடுத்தால் முழங்கை போய்விடும். முழங்கையைக் காப்பாற்றத் தோளைக் கீழே இறக்கி எறியவும் பழகிவிடுவாள், அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு வருடம் ஆகும்.

சரி, இப்போது என்ன செய்வது? எக்ஸ்ரே வரும்வரை ஈட்டி எறிவது அறவே வேண்டாம். டென்னிஸ் பந்துகூட வேண்டாம். குருத்தில் காயம் என்றால் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை எறியாத ஓய்வு தேவைப்படலாம். குருத்து பிய்ந்து விலகியிருந்தால் எலும்பு மருத்துவரின் முடிவு வேறாக இருக்கும். ஓய்வு என்பது கைக்குத்தான். சாப்பாடு சீரான பிறகு கால், இடுப்பு, வயிறு, முதுகு ஆகியவற்றுக்கான பயிற்சிகளைத் தாராளமாகச் செய்யலாம், ஓட்டத்தின் தாளத்தைப் பழகலாம்.

மாநிலப் போட்டி? ஐந்து வாரத்தில் இது ஆறுவது அரிது. இந்த வருடம் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அவள் அழுவாள் என்று தெரியும். நீரஜ் சோப்ராவுக்கு 2019-ல் எறியும் கையின் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது, அந்த வருடம் உலகச் சாம்பியன் போட்டிக்கே போகவில்லை. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் திரும்பி வந்து 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குத் தகுதி பெற்றார். 2021-ல் டோக்கியோவில் தங்கம். விட்டுக்கொடுத்தது உலகப் போட்டியை. இது பள்ளிப் போட்டி என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம்தான் வரும், நீங்கள் வேறு மாதிரி சொல்லுங்கள்.

அந்த ஊசி, அந்த டப்பா

வலியை அமுக்க மைதானத்தைச் சுற்றிப் போடப்படும் ஊசிகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ஜவ்வையும் தசைநாரையும் அது பலவீனமாக்கும். வலி தெரியாத முழங்கையோடு முழு வேகத்தில் எறிந்தால், மீதமிருப்பதும் அறுந்துபோகலாம்.

இரண்டாவது சிக்கல் பலருக்குத் தெரியாது. 2022 ஜனவரி 1 முதல், ஸ்டீராய்டை எந்த ஊசி வழியாக ஏற்றியிருந்தாலும் போட்டிக் காலத்தில் அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் வருகிறது. மூட்டுக்குள் போட்டதும் சேர்த்திதான். போட்டிக்கு முந்தின நாள் போட்டால் சிறுநீரில் தெரியும். பள்ளி மாணவி, டாக்டர்தான் போட்டார், எங்களுக்குத் தெரியாது என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றம் இல்லை என்று ஆக்காது. தன் உடம்புக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் அடிப்படை விதி. இதே விதிதான் பவுடருக்கும். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். லேபிளே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் இன்றோடு நிறுத்துங்கள். எண் இருந்தாலும் உள்ளே கலப்படம் இருக்காது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. முட்டையில் அந்தப் பிரச்சினை இல்லை.

18 வயது ஆகாத பிள்ளைக்கு ஊசி போடப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை, பயிற்சியாளருக்கு அவமரியாதை ஆகாது. நாளைக்குத் தேசியப் போட்டிக்குப் போய், 'நாடா' என்ற தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அதிகாரிகள் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், அவளோடு ஒரு பெரியவர் கூடவே இருக்கலாம். தனியாக அனுப்ப வேண்டாம். எந்த மருந்து சாப்பிட்டாலும் சீட்டை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

நாத்தனார் சொன்னது

ஈட்டி எறிந்தால் கர்ப்பப்பை இறங்காது. அது உடம்புக்குள்ளே, இடுப்பெலும்புக் கிண்ணத்தில், தசைகளும் நார்களும் தாங்க உட்கார்ந்திருக்கிறது, ஓட்டத்துக்கும் எறிதலுக்கும் கழன்று வராது. மேலே சொன்ன ஷ்போட்டகோவா 2013-ல் தாயானார். 2017-ல் லண்டனில் உலகச் சாம்பியன் ஆனார். பிள்ளைப்பேறு குறித்துக் கவலைப்பட வேண்டுமென்றால் ஈட்டியை விட்டுவிட்டு அந்த ஐந்து மாதத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். அதுவும் சாப்பாட்டால் திரும்பி வரக்கூடியதுதான். தோள் அகலமாவது பாதி வயசு, பாதி பயிற்சி. பெண்ணின் உடம்பில் ஓடும் ஹார்மோன் அளவுக்கு ஆண் தோள் வராது. ரவிக்கையை அரை இஞ்ச் பெரிதாகவே தையுங்கள்.

நிறுத்துவதா, தொடர்வதா, பள்ளி மாறுவதா

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. வாரக்கணக்கில் ரோட்டில் இருப்பவருக்கு, வீட்டில் வலியோடு ஒரு பெண் என்றால் 'நிறுத்து' என்ற சொல்தான் முதலில் வரும். ஆனால் அவரும் பயிற்சியாளரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: இந்த மாநிலப் போட்டியைக் கடைசிப் பேருந்துபோலப் பார்க்கிறார்கள். மீரட் பக்கம் பகதூர்பூர் கிராமத்தில் பிறந்த அன்னு ராணி, சின்ன வயதில் கரும்பையும் மூங்கிலையும் எறிந்து பழகியவர், ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 62.92 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கும்போது வயது 31. பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானின் ஹாருகா கிடாகுச்சி உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் ஈட்டியையே தொட்டார், அதுவரை நீச்சலும் பேட்மிண்டனும். இந்த விளையாட்டில் 15 வயது என்பது தொடக்கம்கூட இல்லை, தொடக்கத்துக்கு முந்தியது. உங்கள் பெண் ஆசியத் தங்கம் வாங்குவாள் என்று சொல்ல வரவில்லை. 38 மீட்டரிலிருந்து அங்கே போக எத்தனை பேரால் முடியும்? மூன்று மாதம் எறியாமல் இருந்தால் அவளுக்கு எதுவும் போய்விடாது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் இருக்கிறதே, அந்த நேரம் அதற்குக் கிடைக்கும்.

தனியார் பள்ளி விஷயம் என் துறை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளிப் படிப்பையோ, அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழிப் படிப்பையோ ஒட்டியதே. கடைசி இரண்டு வருடம் தனியார் பள்ளிக்குப் போனால் இரண்டும் கைவிட்டுப் போகலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், ரயில்வேயில் தனி ஒதுக்கீடு என்று பயிற்சியாளர் சொன்னது சரிதான். ஆனால் எந்தப் போட்டியில், எந்த நிலையில் வாங்கிய பதக்கம் என்று பார்த்துத்தான் தருவார்கள், மாவட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு எப்போது தேர்வு, அங்கே சேர்ந்தால் அவள் படிக்கப்போகும் பள்ளி அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா என்று கேளுங்கள்.

எந்த விடுதியானாலும், பெண் காப்பாளர் இரவில் அங்கேயே தங்குகிறாரா, தினமும் வீட்டுக்குப் பேச விடுவார்களா, மைதானத்துக்கு யார் கூடப் போவார்கள், இந்த மூன்றையும் நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மசாஜ் என்றோ காயம் பார்க்கிறேன் என்றோ யாரும் தனியறைக்குக் கூப்பிட்டால் போக வேண்டியதில்லை என்று மகளிடம் வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098-ஐயும் சொல்லிக்கொடுங்கள்.

பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இந்தப் பெண்ணை ஒரு வருடத்தில் இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர் அவர்தான், காசும் பெரிதாக வாங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரேயையும் டாக்டரின் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டி, "எறியறது மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்காங்க சார், கால் பயிற்சி கொடுங்க, 500 கிராம் ஈட்டி ஒன்று ஏற்பாடு பண்ணிட்டு அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல பயிற்சியாளர் கேட்டுக்கொள்வார். கேட்காமல், ஊசி போட்டுக்கொண்டு வந்தால்தான் ஆச்சு என்று நின்றால், ஆளை மாற்றுங்கள்.

இந்த வாரமே போக வேண்டிய இடம் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனை. எலும்பு மருத்துவரையும் மகளிர் மருத்துவரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கடைசியாக எப்போது விலக்கானாள் என்ற தேதி, ஒரு நாள் முழுக்க என்னென்ன சாப்பிட்டாள் என்ற குறிப்பு, அந்தப் பவுடர் டப்பா, மூன்றையும் எடுத்துப்போங்கள். மகளிர் மருத்துவரிடம் முதலில் நீங்கள் பேசிவிட்டு, ஒரு பத்து நிமிஷம் வெளியே உட்காருங்கள். அவளே தனியாகப் பேசட்டும். அம்மா முன்னால் சொல்லாத சில விஷயங்கள் அந்த வயதில் இருக்கும், முழங்கை எத்தனை மாதமாக உண்மையில் வலிக்கிறது என்பது உட்பட.